கீழ்த்தாடை எலும்பு ஒன்றா, இரண்டா? எலும்புக் கணக்கின் வரலாற்றில் உரையளவையும் காட்சியளவையும்

ஆய்வுச் சுருக்கம்

வளர்ந்த மனிதரின் கீழ்த்தாடை ஒரே எலும்பால் ஆனது. ஆயினும் அது முகவாயில் இணைந்த இரண்டு எலும்புகளால் ஆனது என்ற கருத்து, கி.பி. இரண்டாம் நூற்றாண்டு முதல் பதினாறாம் நூற்றாண்டு வரை கிரேக்க, அரபு, இலத்தீன் மருத்துவக் கல்வியில் நிலைபெற்றிருந்தது. கைக்கு எட்டும் ஓர் எலும்பைப் பற்றிய பிழை இவ்வளவு காலம் நீடித்ததற்கான காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. சரகர், சுசுருதர், செல்சஸ், கேலன், அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதி, வெசாலியஸ் ஆகியோரின் எலும்புக் கணக்குகள் இங்கு ஒப்புநோக்கப்படுகின்றன. பிழை நீடித்தமைக்கு நூல்களின் அதிகாரம் மட்டும் காரணமன்று; 'ஓர் எலும்பு' என்பதன் வரையறை வயதுக்கும் உயிரினத்துக்கும் ஏற்ப மாறுவதும், சரியான காட்சி கல்வி மரபுக்குள் இடம்பெறாமற் போனதும் காரணங்களே என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: கீழ்த்தாடை, எலும்புக் கணக்கு, மூட்டு, கேலன், அப்துல் லத்தீஃப், வெசாலியஸ், அளவையியல்.

முன்னுரை

காண்டல், கருதல், உரை என்னும் மூன்றையும் தமிழ் அளவை நூல்கள் முதன்மை அளவைகளாகக் கொள்கின்றன. கண்டறியத்தக்க பொருளில் உரை காண்டலுக்கு மாறுபடுமாயின் எதைக் கொள்வது என்ற வினா மெய்யியலுக்கு மட்டும் உரியதன்று. மருத்துவ வரலாற்றிலும் அவ்வினா மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது. அதனைத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று மனிதக் கீழ்த்தாடை எலும்பின் வரலாறு.

இதயத்தின் அறைகளையோ மூளையின் உட்குழிவுகளையோ காண உடலை அறுத்தாக வேண்டும். எலும்பு அத்தகையதன்று. இடுகாட்டிலும், போர்க்களத்திலும், வெள்ளம் அரித்த கரையிலும் அது தானே வெளிப்படும். ஆதலின் எலும்பைப் பற்றிய பிழைகளே முதலில் திருத்தம் பெற்றிருக்க வேண்டும் என எதிர்பார்ப்பது இயல்பு. வரலாறோ அவ்வாறு அமையவில்லை. முகவாயின் நடுவில் ஒரு பொருத்து உண்டு என்ற கூற்று ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகள் மாணவர்க்குக் கற்பிக்கப்பட்டது. கற்பித்தோரும் கற்றோரும் தம் முகவாயை விரலால் தடவிப் பார்த்திருப்பர். எனினும் ஐயுற்றவர் மிகச் சிலரே. இந்நிலை எவ்வாறு உண்டாயிற்று, எவ்வாறு முடிவுற்றது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணிக்கையும் வரையறையும்

இன்றைய உடற்கூறியல் நூல்கள் வளர்ந்த மனிதரின் எலும்புகள் 206 எனக் கூறுகின்றன. மண்டையோட்டில் 22, இரு செவிகளிலும் உள்ள சிற்றெலும்புகள் 6, நாவடி எலும்பு 1, முதுகெலும்புத் தொடரில் 26, மார்புக்கூட்டில் 25 என நடு அச்சுப் பகுதியில் 80 எலும்புகள் உள்ளன. கைகால்களிலும் அவற்றைத் தாங்கும் தோள், இடுப்பு வளையங்களிலும் 126 எலும்புகள் உள்ளன. இக்கணக்கில் பற்கள் சேரா; குருத்தெலும்புகளும் நகங்களும் சேரா.

இவ்வெண் ஒரு வழக்காறே என்பதை மனத்திற் கொள்ளவேண்டும். பிறந்த குழந்தையின் உடலில் தனித்தனி எலும்புப் பகுதிகள் 270க்குக் குறையாமல் உள்ளன. வளர்ச்சியின் போது அவற்றுட் பல ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. இடுப்பின் பின்புறத்துத் திருவெலும்பு ஐந்து முள்ளெலும்புகளாகத் தோன்றி, பதின்பருவத்தில் இணையத் தொடங்கி, ஏறத்தாழ 25 வயதளவில் ஒன்றாகிறது. நடுமார்பெலும்பின் உடற்பகுதியும் இவ்வாறே பல துண்டுகள் இணைந்து உருவாவது. எனவே, 'இது ஓர் எலும்பா, பல எலும்புகளா?' என்ற வினாவுக்கு, 'எந்த வயதில்?' என்ற எதிர்வினா இன்றி விடை கூற இயலாது.

கீழ்த்தாடையும் இதற்கு விலக்கன்று. கருவில் அது வலம், இடம் என இரு பாதிகளாகவே எலும்பாகிறது. பிறக்கும்போது அப்பாதிகள் முகவாயின் நடுக்கோட்டில் நார்த்திசுவால் மட்டுமே பிணைந்திருக்கும். முதல் ஆண்டு நிறைவதற்குள் அவை எலும்பாகவே ஒன்றிவிடுகின்றன. அதன்பின் வாழ்நாள் முழுவதும் கீழ்த்தாடை ஒரே எலும்பு. வெளிப்பரப்பின் நடுவில் காணப்படும் மெல்லிய வரம்பு பழைய இணைப்பின் தடம் மட்டுமே, அது பொருத்தன்று.

தாடையின் அமைப்பும் இயக்கமும்

கீழ்த்தாடை குதிரை இலாட வடிவினது. அதன் பின்முனைகள் இரண்டும் மேலெழுந்து, செவிக்கு முன்னால் பொட்டெலும்புகளின் குழிகளில் பொருந்துகின்றன. இவ்வாறு அமைவன இரு தாடை மூட்டுகள். ஒவ்வொரு மூட்டிலும் எலும்புத் தலைக்கும் குழிக்கும் இடையே நார்க்குருத்தெலும்பாலான வட்டத்தட்டு ஒன்று உண்டு. வாய் சிறிது திறக்கும்போது எலும்புத் தலை கீல் போலச் சுழல்கிறது. மேலும் திறக்கும்போது, தட்டுடன் சேர்ந்து முன்னோக்கி வழுக்கிச் செல்கிறது. சுழற்சியும் வழுக்கமும் ஒரே மூட்டில் இணைந்திருப்பது இதன் தனித்தன்மை.

கீழ்த்தாடை ஒரே எலும்பாக இருப்பதன் விளைவு இங்குதான் புலப்படுகிறது. ஒரு பக்க மூட்டு அசைந்தால் மறுபக்க மூட்டும் அசைந்தே ஆகவேண்டும். வலப்பக்கம் மெல்லும்போது இடப்பக்கத் தசைகளின் விசையும் நடுக்கோட்டைக் கடந்து வலப்பக்கப் பற்களுக்குச் செல்கிறது. ஒரு பக்க மூட்டு மட்டும் பிசகினால் முகவாய் மறுபக்கமாகக் கோணுகிறது. முகவாயில் விழும் அடி, அடிபட்ட இடத்தை விட்டு, தொலைவில் மூட்டருகே உள்ள கழுத்துப் பகுதியை முறிக்கவும் கூடும். இவையனைத்தும் ஒரே வளைவாக இயங்கும் எலும்பின் இயல்புகள்.

விலங்குகள் பலவற்றில் நிலை வேறு. நாயின் தாடைப் பாதிகள் வாழ்நாள் முழுவதும் நார்க்குருத்துப் பிணைப்பாலேயே இணைந்திருக்கும். ஆடு, மாடு போன்றவற்றிலும் நடுக்கோட்டு இணைப்பு நெடுங்காலம் எலும்பாவதில்லை. வெந்த ஆட்டுத்தலையின் தாடை கையோடு இரண்டாகப் பிரிந்து வருவதைச் சமையலறையிலேயே காணலாம். மனிதரிலும் குரங்கினத்திலும் அவ்வாறு பிரிவதில்லை. இவ்வேறுபாடு பின்னர் கூறப்படும் வாதத்துக்கு அடிப்படையாகும்.

சரகர், சுசுருதர் கணக்குகள்

இந்திய மருத்துவ மரபின் இரு பெருநூல்களும் எலும்புகளை எண்ணியுள்ளன. எனினும் இரண்டின் எண்ணும் ஒன்றன்று. சரக சங்கிதை 360 என்கிறது. சுசுருத சங்கிதையோ, வேதம் வல்லோர் 360 என்பர் எனச் சுட்டி, அறுவை மருத்துவ நூல்வழி 300 என வேறுபடுகிறது. சரகரின் கணக்கில் 32 பற்கள், அவை பதிந்த 32 பற்குழிகள், 20 நகங்கள் ஆகியன அடங்கும். இந்த 84ஐ நீக்கினால் 276 எஞ்சும். சுசுருதர் நகங்களையும் பற்குழிகளையும் விலக்குகிறார்; பற்களையும் குருத்தெலும்புகளையும் சேர்க்கிறார். கைகால்களில் 120, உடற்பகுதியில் 117, கழுத்துக்கு மேல் 63 என அவர் பகுப்பார். தட்டை எலும்பு, பல், குருத்து, வளைந்த எலும்பு, குழல் எலும்பு என ஐவகைப் பாகுபாடும் அவர் நூலில் உண்டு. மூட்டுகளை 210 என எண்ணி, வடிவும் இயக்கமும் பற்றி எட்டு வகைகளாக்குவதும் அந்நூலே.

இவ்வேறுபாடுகளை அறியாமையின் விளைவாகக் கொள்வது பொருந்தாது. சுசுருதர் உடலை ஆயும் முறையை விரிவாகக் கூறியுள்ளார். உறுப்புக் குறைவற்ற உடலைப் புல்லாலும் நாராலும் சுற்றி, கூண்டில் இட்டு, ஓடும் நீரில் ஏழு இரவுகள் ஊறவைக்க வேண்டும். பின்னர் வெட்டிவேர், மயிர், மூங்கில் போன்றவற்றாலான தூரிகையால் மெல்லத் தேய்த்து, தோல் முதலாக ஒவ்வோர் அடுக்காகக் கண்ணால் காணவேண்டும். கத்தி இன்றித் தேய்த்துக் காணும் இம்முறையில் குருத்தெலும்பு எலும்போடு ஒட்டியே நிற்கும். நீரில் வேகவைத்து எலும்பைப் பிரிக்கும் முறையிலோ குருத்து நீங்கிவிடும். குருத்தெலும்பு சுசுருதரின் எண்ணிக்கையில் இடம்பெற்றதற்கு அவர் கையாண்ட முறையும் ஒரு காரணமாகலாம் எனக் கருத இடமுண்டு. எலும்பு எண்ணும் முறை எண்ணிக்கையையே மாற்றவல்லது.

தாடையைப் பொறுத்தவரை இரு நூல்களும் மாறுபடுகின்றன. சரகர் தாடை எலும்பு ஒன்று எனவும், அதன் அடிப்பிணைப்புகள் இரண்டு எனவும் எண்ணுகிறார். சுசுருதர் தாடையில் இரண்டு எலும்புகள் என்கிறார். அவ்விரண்டும் கீழ்த்தாடையின் இரு பாதிகளா, மேல் கீழ்த் தாடைகளா என்பது விளக்கத்துக்குரியது. 1907இல் பண்டைய இந்திய மருத்துவத்தின் எலும்பியலை விரிவாக ஆராய்ந்து நூல் வெளியிட்ட ஹோர்ன்லே, இத்தகைய எண்ணிக்கை முரண்களையே தம் ஆய்வின் மையமாகக் கொண்டார். இந்திய மரபிலும் தாடை எலும்பின் எண் ஐயத்துக்கு இடமளித்தது என்பது இங்குக் கருதத்தக்கது. ஆனால் இங்கு இருவேறு எண்களும் அருகருகே நின்றன. ஒன்று மற்றொன்றை முற்றிலும் மறைத்துவிடவில்லை.

செல்சசும் கேலனும்

கிரேக்க உரோமானிய மரபில் நிகழ்ந்தது வேறு. இப்போக்ரட்டீசின் பெயரால் வழங்கும் மூட்டுகள் பற்றிய நூல், தாடை முறிந்தால் பற்களைப் பொன் இழையாலோ நூலாலோ பிணைக்குமாறு கூறுகிறது. அந்நூலே கீழ்த்தாடைக்கு முகவாயில் ஓர் இணைப்பு உண்டு எனவும் குறிப்பிட்டு, அது பிரியும் நிலைக்கும் மருத்துவம் கூறுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் இலத்தீனில் எழுதிய செல்சஸ், எட்டு நூல்களைக் கொண்ட தம் மருத்துவத் தொகுப்பின் இறுதி நூலில், கீழ்த்தாடை ஒரே எலும்பு எனத் தெளிவாகக் கூறியுள்ளார். எனவே சரியான கருத்து கேலனுக்கு முன்பே எழுத்தில் இருந்தது.

கி.பி. 129இல் பெர்கமத்தில் பிறந்த கேலன், தொடக்க நிலை மாணவர்க்காக எழுதிய எலும்பு நூலில், கீழ்த்தாடை முகவாயில் இணையும் இரு எலும்புகளாலானது என்றார். நடுமார்பெலும்பை ஏழு பகுதிகளாக எண்ணினார். அக்கால உரோமானிய வழக்கில் மனித உடலை அறுத்து ஆய்வதற்கு வாய்ப்பில்லை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் எரோபிலசும் எராசிஸ்திரதசும் மேற்கொண்ட மனித உடலாய்வு மரபு அப்போது நின்றுபோயிருந்தது. மனித எலும்புக்கூட்டைக் காண விரும்பும் மாணவன் அலெக்சாந்திரியா செல்லவேண்டும் எனக் கேலனே அறிவுறுத்துகிறார். வெள்ளத்தால் கல்லறையிலிருந்து அடித்துவரப்பட்ட ஓர் உடலையும், வழியில் கொல்லப்பட்டுப் பறவைகள் தின்ற ஒரு கள்வனின் எலும்புக்கூட்டையும் தாம் கண்டு பயன்கொண்டதையும் அவர் பதிவு செய்துள்ளார். ஆகவே மனித எலும்பையே காணாதவர் என்று அவரைக் கூறுதல் தகாது. அவர் கண்டவை சில. முறையாக அறுத்து ஆய்ந்தவை விலங்குகள்.

பிழையின் தோற்றுவாய்

கேலனின் பிழைகளுக்கு அவர் குரங்குகளை ஆய்ந்ததே காரணம் என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். நடுமார்பெலும்பைப் பொறுத்தவரை அது ஏற்புடையது. குரங்கின் மார்பெலும்பில் துண்டுகள் தனித்தனியே நிற்கும். கீழ்த்தாடைக்கு அவ்விளக்கம் பொருந்தாது. வளர்ந்த குரங்கின் தாடைப் பாதிகளும் மனிதருடையவை போலவே ஒன்றிவிடுகின்றன. குரங்கை மட்டும் கண்டிருந்தால் கேலன் சரியான விடையையே எட்டியிருப்பார்.

எனவே தாடை பற்றிய கூற்று வேறு வழியில் வந்திருக்க வேண்டும். கேலன் ஆடு, மாடு, நாய் முதலிய விலங்குகளையும் ஆய்ந்தவர். அவற்றுள் தாடை இரண்டாகவே பிரியும். இப்போக்ரட்டீசு மரபு நூலும் முகவாயில் இணைப்பு உண்டு எனக் கூறியிருந்தது. கேலன் அம்மரபைப் பெரிதும் மதித்தவர். உரையும் விலங்குக் காட்சியும் ஒன்றையொன்று வலியுறுத்தியபோது ஐயத்துக்கு இடமில்லாது போயிற்று எனக் கருதலாம்.

மற்றொரு காரணமும் உண்டு. தவறான உடற்கூற்றுக் கருத்து சிகிச்சையில் தோல்வியைத் தருமாயின், பட்டறிவே அதனைத் திருத்தும். இங்கோ அந்நிலை எழவில்லை. முகவாயின் நடுவில் எலும்பு முறிந்தாலும், அங்குள்ளதாகக் கருதப்பட்ட பொருத்து விலகினாலும், பற்களைப் பிணைத்துக் கட்டுப்போடுவதே மருத்துவம். முறிவைப் பொருத்து விலகல் எனப் பிறழ உணர்ந்த மருத்துவனும் நோயாளியைக் குணப்படுத்தியிருப்பான். வென்ற சிகிச்சை பிழையான கருத்தை மெய்யெனக் காட்டியிருக்கும். பிழை நெடிது வாழ்ந்ததற்கு அது தீங்கு விளைக்காதிருந்ததும் ஒரு காரணம்.

அல்-மக்ஸ் குன்றில்

ஒன்பதாம் நூற்றாண்டில் உனைன் இப்னு இசாக்கும் அவர் குழுவினரும் கேலனின் நூல்களைச் சிரியாக்கிலும் அரபியிலும் பெயர்த்தனர். பின்வந்த இப்னு சீனாவின் மருத்துவப் பெருநூலும் கீழ்த்தாடையை இரண்டு எலும்புகளாகவே கூறியது. இப்பின்னணியில்தான் அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதியின் காட்சி நிகழ்ந்தது. 1162இல் பாக்தாதில் பிறந்த இவர் மருத்துவரும் மெய்யியல் அறிஞருமாவார். 1200 முதல் 1202 வரை நைல் நதி போதிய அளவு பெருகாமையால் எகிப்தில் கடும் பஞ்சம் உண்டாயிற்று. அதனை நேரில் கண்டு எழுதிய நூலில் அவர் உடற்கூறு பற்றிய ஒரு பகுதியையும் சேர்த்துள்ளார்.

அவரிடம் மருத்துவம் பயின்றோர் கேலனின் உடற்கூறு நூலை வெறும் சொல் விளக்கத்தால் உணர முடியாது இடர்ப்பட்டனர். கெய்ரோவை அடுத்த அல்-மக்ஸ் என்னுமிடத்தில் பஞ்சத்தில் இறந்தோரின் எலும்புகள் குன்றெனக் குவிந்திருப்பதை அறிந்து, அவர் மாணவருடன் அங்குச் சென்றார். எலும்புகளின் வடிவம், மூட்டுகள், பொருந்தும் முறை, அளவொப்பு ஆகியவற்றை நூலிலிருந்து பெறமுடியாத தெளிவுடன் அங்குக் கண்டதாகக் கூறுகிறார். கீழ்த்தாடை ஒரே எலும்பு. அதில் பொருத்தோ தையலோ இல்லை என்பதே அவர் கண்டவற்றுள் முதன்மையானது.

இம்முடிவை அவர் எட்டிய முறை, முடிவினும் சிறப்புடையது. ஒன்றிரண்டு மண்டையோடுகளைக் கண்டதோடு அவர் அமையவில்லை. பல வகையாகச் சோதித்து, பார்க்கப்பட்ட தலைகளின் தொகை இரண்டாயிரத்தைக் கடந்ததாக எழுதுகிறார். தாம் உடனிருந்தபோது மட்டுமன்றித் தாம் இல்லாதபோதும் பிறரைக் கொண்டு பார்க்கச் செய்தார். அவர்களும் ஒரே எலும்பையே கண்டனர். கேலன் ஆராய்ச்சியிலும் எச்சரிக்கையிலும் மிக உயர்ந்தவர் எனப் போற்றும் அதே இடத்தில், புலன்களின் சான்று அவரினும் நம்பத்தக்கது என முடிவு செய்கிறார். மறுப்பு இங்கு இகழ்ச்சியாக மாறவில்லை.

திருவெலும்பு பற்றிய அவர் குறிப்பு இன்னும் கருதத்தக்கது. கேலன் அதனை வால் எலும்போடு சேர்த்து ஆறு பகுதிகளாகக் கூறியிருந்தார். அப்துல் லத்தீஃப் சில உடல்களில் அதை ஒரே எலும்பாகவும், வேறு சிலவற்றில் கேலன் கூறியவாறே ஆறாகவும் கண்டார். ஆகவே தாடையைப் பற்றிக் கூறிய உறுதியுடன் இதைக் கூற முடியாது என எழுதினார். இன்றைய அறிவு இத்தயக்கத்தை நியாயப்படுத்துகிறது. திருவெலும்பின் பகுதிகள் இளமையில் பிரிந்தும் முதுமையில் இணைந்தும் காணப்படுவன. குவியலில் பல வயதினரின் எலும்புகள் கலந்திருந்திருக்கும். காட்சி ஒருபடித்தாக இருந்தவிடத்து உறுதியும், மாறுபட்டவிடத்து ஐயமும் கொண்டமை அவருடைய முறையின் நேர்மைக்குச் சான்று.

பரவாத உண்மை

இத்தகைய தெளிவான மறுப்பு மருத்துவக் கல்வியை மாற்றியிருக்க வேண்டும், மாற்றவில்லை. அது மருத்துவப் பாடநூலில் எழுதப்படாது, எகிப்து நாட்டின் பொருள்களையும் நிகழ்ச்சிகளையும் விவரிக்கும் நூலில் இடம்பெற்றது. அந்நூலை நாடுவோர் பிரமிடுகளையும், செடிகொடிகளையும், பஞ்சக் கொடுமையையும் அறிய விரும்புவோரே. மருத்துவ மாணவனோ கேலனையும் இப்னு சீனாவையும் கற்றான். அப்துல் லத்தீஃபின் நூல் ஐரோப்பாவில் பரவலாக அறியப்பட்டது, 1810இல் சில்வெஸ்தர் த சாசி அதனைப் பிரெஞ்சில் பெயர்த்து வெளியிட்ட பின்னரே. அதற்குள் தாடை பற்றிய வினா முடிந்து இரண்டரை நூற்றாண்டுகள் கடந்துவிட்டன.

செல்சசின் கூற்றுக்கும் ஏறத்தாழ இதே நிலைதான். இடைக்காலத்தில் அவர் நூல் மருத்துவக் கல்வியில் இடம்பெறவில்லை. 1478இல் புளோரன்சில் அச்சேறிய பின்னரும், அவர் ஒரு சொல்லில் கூறிய உண்மை கேலனின் விரிந்த அமைப்பை அசைக்கவில்லை. எதிர்ச்சான்று ஒன்று எங்கேனும் எழுதப்பட்டிருப்பது போதாது. கற்போன் வழியில் அது குறுக்கிட வேண்டும்.

வெசாலியசும் ஒப்புநோக்கும்

1514இல் பிரசெல்சில் பிறந்த அந்திரேயாஸ் வெசாலியஸ், பாரிசில் மாணவராக இருந்தபோதே இடுகாட்டு எலும்புகளைத் தேடி ஆய்ந்தவர். 1536இல் லூவேன் நகருக்கு வெளியே தூக்குமரத்தில் எஞ்சியிருந்த எலும்புக்கூட்டைத் தம் இல்லத்துக்குக் கொண்டுவந்தார். 1537 முதல் பதுவாவில் ஆசிரியராக அமர்ந்து, பிறர் அறுக்கத் தாம் நூல் வாசிக்கும் அக்கால வழக்கத்தை விடுத்து, தம் கையாலேயே உடலை அறுத்துக் கற்பித்தார். ஆயினும் 1538இல் அவர் வெளியிட்ட ஆறு படத்தாள்களில் கேலனின் செல்வாக்கு மிகுதி. விலங்குகளுக்குரிய ஐந்து மடல் ஈரலை அவற்றில் அவர் மனிதருக்கு வரைந்துள்ளார். கண்முன் உடல் இருந்தும், நூல் கற்பித்த வடிவையே கை வரைந்தது.

மாற்றத்துக்கு வழிவகுத்தது ஒப்புநோக்கு. 1540இல் பொலோனியாவில் நடந்த உடற்கூற்று விளக்கத்தில், அவர் மனித எலும்புக்கூட்டையும் குரங்கின் எலும்புக்கூட்டையும் பொருத்தி அருகருகே நிறுத்தினார். கேலன் விவரித்த முள்ளெலும்புப் புடைப்பு ஒன்று குரங்கில் மட்டுமே உள்ளது என்பதை அனைவர்க்கும் காட்டினார். கேலனின் கூற்று பொய்யன்று. அது வேறோர் உயிரினத்தைப் பற்றியது என்பது அவ்வொப்பீட்டால் புலனாயிற்று. 1543இல் பாசெலில் வெளிவந்த மனித உடலமைப்பு பற்றிய ஏழு நூல்களில் முதல் நூலை அவர் எலும்புக்கும் குருத்தெலும்புக்குமே ஒதுக்கினார். வளர்ந்தவரின் கீழ்த்தாடை ஒரே எலும்பு எனவும், நடுமார்பெலும்பு மூன்று பகுதிகளை உடையது எனவும் அதில் நிறுவினார். அந்நூலின் படம் ஒன்றில் மனித மண்டையோடு நாயின் மண்டையோட்டின்மேல் வைக்கப்பட்டுள்ளது. மேல்தாடை பற்றிய கேலனின் விவரிப்பு நாய்க்கே பொருந்தும் என்பதை அப்படம் காண்போர்க்கு உணர்த்துகிறது. அவ்வாண்டில் அவர் பாசெலில் பொருத்தி அமைத்த எலும்புக்கூடு அந்நகரின் உடற்கூற்று அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது.

எதிர்ப்பு எழாமல் இல்லை. பாரிசில் வெசாலியசுக்கு ஆசிரியராக இருந்த சில்வியஸ், 1551இல் கேலனுக்கு அரணாகக் கடுமையான மறுப்பு நூல் எழுதினார். கேலன் தவறியிருக்க முடியாது; வேறுபாடு இருக்குமாயின் அக்காலத்துக்குப் பின் மனித உடலே மாறியிருக்க வேண்டும் என்பது அவர் வாதப்போக்கு. நகைப்புக்கு இடமாகத் தோன்றினும் அவ்வாதம் ஒன்றை ஒப்புக்கொள்கிறது. எதிரிலுள்ள எலும்பு வெசாலியஸ் கூறுவது போலவே உள்ளது என்பதை அது மறுக்கவில்லை. காட்சியை மறுக்க இயலாதபோது உரையைக் காக்க எஞ்சிய வழி அதுவே.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. கீழ்த்தாடை பற்றிய பிழை வெறும் கவனக்குறைவால் விளைந்ததன்று. சிசுவுக்கும் பல விலங்குகளுக்கும் உண்மையாக இருந்த ஒன்று வளர்ந்த மனிதருக்கும் உரியதாகக் கொள்ளப்பட்டது. எலும்பின் எண்ணிக்கை வயது, உயிரினம், ஆய்வு முறை, வரையறை ஆகியவற்றைச் சார்ந்தது. சரகர், சுசுருதர் கணக்குகளை மதிப்பிடும்போதும் இதனை மனத்திற் கொள்ளவேண்டும். 206 என்னும் எண்ணை அளவுகோலாகக் கொண்டு அவற்றைச் சரி, தவறு எனத் தீர்ப்பது முறையன்று.

2. கேலனின் பிழைகள் அனைத்தையும் குரங்கின்மேல் ஏற்றுவது பொருந்தாது. மார்பெலும்பும் கீழ்த்தாடையும் வெவ்வேறு மூலங்களைச் சுட்டுகின்றன.

3. காட்சியும் தானே முற்றுப்பெற்ற அளவையன்று. 1538இல் வெசாலியசின் கண்ணும் நூல்வழியே கண்டது. காட்சி வலுப்பெற்றது அப்துல் லத்தீஃபிடம் எண்ணிக்கையாலும் பிறர் சான்றாலும், வெசாலியசிடம் ஒப்புநோக்கால்.

4. உண்மையைக் கண்டறிவதும் அதனை நிலைநாட்டுவதும் இருவேறு செயல்கள். செல்சசும் அப்துல் லத்தீஃபும் முன்னதைச் செய்தனர். வெசாலியசுக்கு ஆசிரியப் பதவியும், அச்சும், படமும், பலர் கூடிய விளக்க அரங்கும் வாய்த்தமையால் பின்னதும் கைகூடியது.

உடற்கூறியலின் மறுமலர்ச்சி 1543இல் தொடங்கியது எனக் கூறும் வரலாற்று நூல்கள், அதற்கு மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன் அல்-மக்ஸ் குன்றில் நிகழ்ந்த ஆய்வையும் சேர்த்தே கூறுதல் வேண்டும். அங்கு மாணவர் ஆய்ந்தவை பஞ்சத்தில் மடிந்து அடக்கம் செய்யப்படாது கிடந்த மக்களின் எலும்புகள். கீழ்த்தாடை ஒரே எலும்பு என்ற உறுதிக்கு முதற்சான்றாக நின்ற அவ்விரண்டாயிரம் தலைகளுள் ஒன்றுக்கும் பெயர் எழுதப்படவில்லை.